மிதப்பது மூழ்கும், மூழ்குவது மிதக்கும்

விழிஞ்ஞத்துக் கலங்கரை விளக்கத்துக்கு அருகே, கடலை நோக்கிய மேட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், கேரளத்தில் இக்காலத்தில் எல்லோரும் ‘சிட்அவுட்’ என்று வழங்குகிற திறந்த முகப்பில், மாலை வேளைகளில் வெறுங்காலுடன் உலாவுவதற்கேற்ற பலகைத் தளம் ஒன்று அமைக்க விரும்பினார். கடைக்காரர் இரண்டு மாதிரித் துண்டுகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று, மரத்தூளையும் பாலிதீனையும் உருக்கிச் சேர்த்த கலப்புப் பலகை. மற்றொன்று, மரம் சிறிதும் கலவாத பி.வி.சி. பலகை. பார்வைக்கு இரண்டும் தேக்கின் நிறத்தையும் ரேகையையுமே பூண்டிருந்தன. விலையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. எதை வாங்கலாம் என்று அவர் கேட்டபோது, விடை சொல்வதற்கு முன், ஒரு வாளி கடல்நீர் கொண்டுவரச் சொன்னேன்.

பழைய தேக்கு ஜன்னலிலிருந்து பெயர்ந்த சிம்பு ஒன்றை முதலில் வாளியில் போட்டோம், மிதந்தது. பாலிதீன் பையின் மூலையைக் கத்தரித்து, காற்றுக் குமிழி ஒட்டாதபடி நீருக்குள் அழுத்திவிட்டோம். அதுவும் மேலே வந்துவிட்டது. குளியலறைக்குக் குழாய் பதித்தபோது மிஞ்சிய பி.வி.சி. வளையம் ஒன்றைப் போட்டோம், அது மூழ்கிற்று. மரமும் மிதக்கிறது, பாலிதீனும் மிதக்கிறது, ஆகவே அவ்விரண்டும் சேர்ந்த கலப்புப் பலகையும் மிதந்தாக வேண்டும் என்பதும், பி.வி.சி. மூழ்குகிறது, ஆகவே பி.வி.சி. பலகையும் மூழ்கியாக வேண்டும் என்பதும் தர்க்கத்துக்கு இசைந்த முடிவுகளே. ஆனால் நடந்தது நேர்மாறாக இருந்தது: கலப்புப் பலகைத் துண்டு கல்லைப்போல் அடியில் போய் அமர்ந்தது, பி.வி.சி. பலகைத் துண்டோ தக்கையைப்போல் மேலே நின்றது.

இந்த ஜாலத்தைச் செய்வது காற்று. மரத்துண்டு ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், மயிரிழையினும் மெல்லிய குழல்கள் பல்லாயிரம் நெருக்கமாகக் கட்டப்பட்ட கற்றையாகத் தோன்றும். அக்குழல்களின் சுவரை ஆக்கிய பதார்த்தம் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்றின் தயவினால்தான் மரம் மிதக்கிறது. மரத்தை அரைத்துத் தூளாக்கி, உருகிய பாலிதீனோடு பிசைந்து அழுத்தும்போது குழல்கள் நசுங்கிக் காற்று வெளியேறிவிட, கனத்த சுவர்ப்பொருள் மாத்திரம் எஞ்சுகிறது. பி.வி.சி. பலகையின் கதை இதற்கு மறுதலை. திண்மமான பி.வி.சி. தண்ணீரைக் காட்டிலும் ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானதாயினும், பலகையாக வார்க்கும்போது அதற்குள் வாயுவைப் புகுத்தி நுரைக்கச் செய்கிறார்கள். புளித்த மாவில் வார்த்த ஆப்பத்தின் நடுப்பகுதியைப் பிட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. கலப்புப் பலகைக்கு உவமை வேண்டுமானால், வெல்லப்பாகில் எள்ளை இறுக்கிப் பிடித்த எள்ளுருண்டை. பி.வி.சி. பலகை ஆப்பம், கலப்புப் பலகை எள்ளுருண்டை என்று மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் விஷயங்கள் பலவும் எளிதில் விளங்கிவிடும்.

தளத்துப் பலகைக்குச் சத்துருக்கள் இருவர்: நீரும் உஷ்ணமும். நீரின் வேலையை அறியாத வீடு இந்தக் கரையில் இல்லை. சித்திரையை ஒட்டிய மேடம் மாதத்தில் ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும் அதே கதவு, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிப் பத்து நாட்கள் கழிந்தால், தோளைக் கொடுத்துத் தள்ளினாலும் நிலையோடு சேர மறுக்கிறது. மரச்சுவரின் பிரதானப் பொருளான செல்லுலோஸ் என்னும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறு, தன் நீளம் முழுவதிலும் ‘ஹைட்ராக்சில்’ எனப்படும் சிறு கைகளை நீட்டிக்கொண்டிருக்கிறது. அக்கைகளுக்குத் தண்ணீரின்மீது தீராத பிரியம். காற்றிலுள்ள ஈரத்தை அவை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ள, சங்கிலிகளுக்கு இடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது; மரம் பருக்கிறது. உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 சதவிகிதம் நீர் ஏறியதும் கைகளெல்லாம் நிறைந்துவிடுகின்றன. இதனை ‘நார் நிறைவு நிலை’ என்று சொல்லலாம். அதற்கு மேல் வரும் நீர் குழல்களின் உட்கூட்டில் தேங்குமேயன்றி, மரத்தை மேலும் பருக்க வைப்பதில்லை. சங்கிலிகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே கிடப்பதால், கதவு அகலத்தில் பருக்கிறதே தவிர உயரத்தில் வளர்வதில்லை. விழிஞ்ஞத்து மீனவர்கள் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போன காலத்தில், கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் பரப்பி உலர்த்தினார்களே, அதற்கும் காரணம் மரத்தின் இந்தத் தாகந்தான்.

தாகமுள்ள மரத்தைத் தாகமே இல்லாத பிளாஸ்டிக்கில் பொதிந்துவிட்டால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது கலப்புப் பலகை. எண்ணம் புதிதன்று. நம் பாட்டனார் வீட்டுச் சுவரில் இருந்த கறுப்பு பேக்லைட்டு விளக்குச் சுவிட்சை நினைவுகூருங்கள். வழவழப்பான அந்தப் பொருளிலேயே மரத்தூள் நிரப்பியாகக் கலந்திருந்தது. தளத்துப் பலகைக்குப் பாலிதீனைத் தேர்ந்ததற்குச் சமையலறை நியாயம் ஒன்று உண்டு. மரம் ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் கருகத் தொடங்கும். ஆகையால் அதற்குக் கீழே உருகும் பிளாஸ்டிக்கோடுதான் அதைப் பிசைய முடியும். பாலிதீன் 130 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. நைலான் போன்றவை உருகுமுன் மரத்தூள் கரியாகிவிடும். மற்றோர் இடையூறு, பாலிதீன் எண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது, மரமோ நீரை விரும்புவது என்பதாகும். எண்ணெய்த் தலையில் வெறுந் தண்ணீர் ஒட்டாது. ஆனால் சீயக்காய், ஒரு கையால் எண்ணெயையும் மறுகையால் நீரையும் பற்றிக்கொண்டு இரண்டையும் சேர்த்து வைக்கிறது. அதே தந்திரத்தைப் பின்பற்றி, ஒரு முனையில் மரத்தையும் மறுமுனையில் பாலிதீனையும் பற்றும் ‘இணைப்பி’ ஒன்றைச் சிறிதளவு கலவையில் சேர்க்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் மரத்தின் தாகம் அடங்கிற்றா என்பதே கேள்வி. இங்கே எள்ளுருண்டைக்குத் திரும்புவோம். பாகு மிகுந்து எள் குறைந்திருந்தால், ஒவ்வோர் எள்ளும் தனித்தீவாகப் பாகுக்குள் அடைபட்டுக் கிடக்கும். எள்ளைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எள்ளை எள் தொட்டு, உருண்டையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அறுபடாத வழி ஒன்று திறந்துகொள்ளும். அந்தக் கட்டம் படிப்படியாக வருவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று வருகிறது. விஞ்ஞானிகள் ஆராயும் இந்நிகழ்ச்சியை நாம் ‘ஊடுவழித் திறப்பு’ என்று அழைப்போம். கலப்புப் பலகைகளின் எடையில் பாதியோ அதற்குச் சற்று அதிகமோ மரத்தூள் இருப்பது வழக்கம். ஆகவே மரத்துணுக்கு மரத்துணுக்குக்குக் கைமாற்றிக் கொடுக்க, நீர் மெள்ள மெள்ள உள்ளே நடந்து போக வழி ஏற்பட்டுவிடுகிறது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. பிளாஸ்டிக் பொதிந்த மரத்தைப் பூஞ்சை தீண்டாது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், சதுப்பு நிலத்தின்மேல் கலப்புப் பலகைகளால் ஒரு நடைபாதை அமைத்திருந்தார்கள். அப்பலகைகளின்மேல் மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகளின் காளான்கள் முளைத்திருந்ததை, மாரிஸ், கூப்பர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நன்கு உலர்ந்த மரத்தில், அதாவது ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே நிற்கும் மரத்தில், இவ்வகைப் பூஞ்சை வளர்வதில்லை. ஆகவே அக்காளான்கள், பலகைக்குள் மறைந்திருந்த மரத்தூள் போதிய நீரைக் குடித்துவிட்டது என்பதற்கு அசைக்க முடியாத சாட்சியாயின. உஷ்ணமும் ஈரமும் ஓயாத அந்தச் சதுப்பு நிலத்தின் சுபாவம், விழிஞ்ஞத்துச் சுபாவத்துக்கு அவ்வளவாக அந்நியமானதன்று.

அப்படியானால், விளம்பரத் தாள்களில் ‘24 மணி நேரம் நீரில் ஊறவைத்தும் ஒரு சதவிகிதமே நீர் ஏறியது’ என்று அச்சிடுவது பொய்யா? பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. வெறும் மரம் சில நாட்களில் குடிக்கும் நீரைக் கலப்புப் பலகை குடிக்க மாதங்கள் ஆகும். அதன் வாய் சிறிது, வயிறு சிறிதன்று. பலகையின் தடிமன் இரட்டித்தால், நீர் நடுவை எட்டும் காலம் நான்கு மடங்காக நீள்கிறது. ஒரே நாள் பரிசோதனையில் நனைவது பலகையின் தோல் மட்டுமே. திருவனந்தபுரத்துக் கரையிலோ, ஜூன் முதல் தென்மேற்குப் பருவமும், அது ஓய்வதற்குள் அக்டோபர் முதல் துலாவர்ஷமும் வந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. மழை பெய்கிறது, மழையில்லாத நாட்களிலும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்தே வருகிறது. பலகைக்கு வேண்டிய அவகாசத்தை இங்கே இயற்கையே தாராளமாக அளித்துவிடுகிறது.

இக்குறையை அறிந்த தொழிற்சாலைகள், பலகையைச் சுற்றித் தூய பிளாஸ்டிக்கால் ஒரு தோலைப் போர்த்தி விற்கின்றன. இத்தோல் மெய்யாகவே பயன் தருவது. ஆனால் சில பலகைகளில் அது மேற்பக்கத்தையும் இரு ஓரங்களையும் மூடி, அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கும். எவ்வகைப் பலகையானாலும், ஆசாரி ரம்பத்தால் அறுத்த முனையில் தோல் இராது. மூன்று பக்கம் போர்வையும் நான்காம் பக்கம் ஈரத் தரையுமாகப் படுத்திருப்பவனுக்குப் போர்வையால் என்ன சுகம்? நாற்புறமும் தோல் போர்த்த பலகையை வாங்கி, அறுத்த முனைகளைத் தயாரிப்பாளர் சொல்லும் பூச்சால் அடைத்தால்தான் அதன் பலன் முழுமையாகக் கிட்டும்.

இனிப் பி.வி.சி. அதன் எடையில் ஏறத்தாழ 57 சதவிகிதம் குளோரின். அந்தக் குளோரினோ உப்புநீரில் மின்சாரம் செலுத்திப் பெறுவது. உப்பளத்தில் விளைந்த பொருள் பாதிக்கு மேல் அதில் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது. 1872ஆம் ஆண்டில், ஜெர்மானிய ரசாயன அறிஞர் பவ்மன், வினைல் குளோரைடு என்னும் வாயுவை அடைத்து வெயிலில் வைத்திருந்த குப்பிக்குள் வெண்மையான திடப்பொருள் ஒன்று படிந்திருக்கக் கண்டார், அதுதான் பி.வி.சி. நீரைப் பற்றும் ஹைட்ராக்சில் கைகள் அதன் சங்கிலியில் இல்லை. பூஞ்சைக்கும் கறையானுக்கும் அதில் உணவில்லை. நுரைத்த பலகையில் உள்ள குமிழ்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே மூடியிருப்பவை. ஆகையால் நீர் என்னும் சத்துருவைப் பொறுத்தவரை, பி.வி.சி.யின் வெற்றி சந்தேகத்துக்கு இடமற்றது.

ஆனால் எந்த வெயிலில் பிறந்ததோ, அந்த வெயிலே அதற்குப் பகை. பூச்சரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால், அடுத்தடுத்த பூக்களும் கழன்று விழுவதைப் பார்த்திருக்கிறோம். வெயிலின் புறஊதாக் கதிரோ மிகுந்த உஷ்ணமோ பி.வி.சி. சங்கிலியில் ஓரிடத்துக் குளோரினைக் கழற்றிவிட்டால், அதையடுத்ததும், அதற்கடுத்ததும் ஹைட்ரஜன் குளோரைடாக வரிசையாகக் கழன்று போகின்றன. பூவிழந்த நார் எஞ்சுவதுபோல் எஞ்சும் சங்கிலி, ஒளியை வேறு விதமாக உறிஞ்சி மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது. மாடியில் பல்லாண்டு கிடந்த குழாயின் நிறம் கெடுவது இவ்வாறே. இதைத் தடுக்க நிலைப்படுத்திகளைச் சேர்ப்பதோடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொடியைக் குடையாகக் கலக்கிறார்கள். அப்பொடியின் மூலம் நம் கரையோரத்துக் கருமணலிலேயே இருக்கிறது. கொச்சுவேளியில் 1946இல் தொடங்கிய டிராவன்கூர் டைட்டானியம் ஆலையின் சரக்கு ‘அனட்டேஸ்’ வகையைச் சேர்ந்தது. சவறாவிலுள்ள கேரள மினரல்ஸ் ஆலையின் சரக்கு ‘ரூட்டைல்’ வகை. அணுக்கள் ஒன்றே, அடுக்கிய விதம் வேறு. அனட்டேஸ் வெயிலில் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையே அரிக்கத் தூண்டும் இயல்புடையதாதலால், வெளிப்புறப் பொருள்களுக்கு ரூட்டைலே உகந்தது.

உஷ்ணத்தின் இரண்டாம் வேலை விரிவு. இரு முனையும் இறுகக் கட்டிய பி.வி.சி. குழாய், நடுப்பகலில் வில்லாக வளைந்து, இரவில் மறுபடி நிமிர்வதை மொட்டைமாடியில் காணலாம். 4 மீட்டர் நீளமுள்ள பலகை விடியற்காலையில் 25 டிகிரியில் இருந்து, உச்சி வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறுவதாகக் கொள்வோம். தேக்கு ஏறத்தாழ அரை மி.மீ. நீளும், கலப்புப் பலகை 5 மி.மீ. அளவு நீளும், பி.வி.சி. பலகை 7 அல்லது 8 மி.மீ. நீண்டுவிடும். இடைவெளி விடாமல் முடுக்கிய தளத்தில் அந்நீளம் போக வழியின்றிப் பலகை மேல்நோக்கிப் புடைக்கும். காலைக் குளிர்ச்சியில் பொருத்தினால் இடைவெளியைக் கூட்டியும், நடுப்பகலில் பொருத்தினால் குறைத்தும் விடவேண்டும் என்பது இதிலிருந்து தானே விளங்கும்.

மூன்றாவது, பாதத்தின் விஷயம். சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் கோயில் பிராகாரத்தைச் சுற்றியவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. கருங்கல் தளத்தில் ஓட்டமாக ஓடியவர்கள், கயிற்றுப் பாய் விரித்த இடத்துக்கு வந்ததும் நடக்கத் தொடங்குகிறார்கள். இரண்டும் ஒரே வெயிலில் கிடந்தவை. ஆயினும் கல் தன்னிடமுள்ள உஷ்ணத்தை விரைந்து பாதத்துக்கு அளிக்கிறது, காற்று நிறைந்த பாயோ கஞ்சத்தனமாக அளிக்கிறது. பொருளின் இக்குணத்தை ‘வெப்பக் கொடை’ எனலாம். அடர்த்தியான எள்ளுருண்டை கருங்கல்லின் பக்கமும், நுரைத்த ஆப்பம் பாயின் பக்கமும் சாய்கின்றன. எனினும் நிறம் கறுத்ததானால் பி.வி.சி.யும் சுடும், அன்றியும் அது 80 டிகிரியை நெருங்குகையில் இளகத் தொடங்கும் பொருளாகையால், இந்த வெயிலுக்கு வெளிர் நிறமே ஏற்றது.

இப்போது தராசைப் பிடிக்கலாம். இப்பலகைகளைப் பற்றிய புத்திமதிகளில் பெரும்பகுதி குளிர் நாடுகளில் எழுதப்பட்டது. பனிக்காலத்தில் உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே கிடந்து, கோடையில் 60 டிகிரிக்கு ஏறும் பலகைக்கு, ஆண்டின் ஏற்றத்தாழ்வு 80 டிகிரி. விழிஞ்ஞத்திலோ இரவுக் காற்று பெரும்பாலும் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே அந்த ஏற்றத்தாழ்வு அதில் பாதியளவுக்குள் நிற்கிறது. பி.வி.சி.யின் பெருங்குற்றமாக அங்கே சொல்லப்படும் விரிவு, இங்கே ஆசாரி விடும் சிறு இடைவெளியில் அடங்கிவிடுகிறது. மறுபுறம், ஆண்டில் பாதி நாள் நீங்காத ஈரம், அங்கே சிறு குற்றமாகத் தோன்றும் கலப்புப் பலகையின் தாகத்தை இங்கே பெருங்குற்றமாக்குகிறது. பலகைகள் மாறவில்லை, தேசம் மாறியதால் தராசுத் தட்டு மாறிற்று.

எனவே கடலைப் பார்த்துத் திறந்து, மழைச்சாரல் நேரே விழுந்து, அடியில் ஈரத் தரை நெருங்கியிருக்கும் தளத்துக்கு வெளிர் நிறப் பி.வி.சி. பலகையே தக்கது என்பது என் தீர்ப்பு. மேலே கூரையும் அடியில் ஒரு முழமாவது காற்றோட்டமும் உள்ள முகப்புக்கு, நாற்புறமும் தோல் போர்த்த கலப்புப் பலகை பொருந்தும். அது விறைப்பு மிகுந்தது, மிதிக்கும்போது மரத்தின் கனமும் அதில் உண்டு. ஒரு பொறுப்பையும் சொல்லியாக வேண்டும்: பி.வி.சி. எளிதில் தீப்பிடிக்காது என்றாலும், எரிந்தால் அதன் குளோரின் அமிலப் புகையாக வெளிவரும். அறுத்து எஞ்சிய துண்டுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது கூடவே கூடாது.

கடைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். நம் நாட்டுச் சந்தையில் ‘டபிள்யூ.பி.சி.’ (மர–பிளாஸ்டிக் கலப்பு) என்ற பெயரில் கதவுக்கும் அலமாரிக்கும் விற்கப்படும் பலகைகளில் பல, சிறிதளவு மரத்தூள் தூவிய பி.வி.சி. நுரைப்பலகைகளே, தளத்துக்கு விற்கப்படும் அதே பெயருடைய பலகைகளோ பெரும்பாலும் பாலிதீனும் மரத்தூளும் சேர்ந்தவை. பெயரை நம்பாமல் வாளியை நம்பலாம். திருகாணியில் சிக்கனம் பார்ப்பது வேறொரு பிழை. உப்புக்காற்றிலுள்ள குளோரைடு, சாதாரணத் துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மாலிப்டினம் சேர்ந்த 316ஆம் தரத்து எஃகு அதைப் பெரிதும் தாங்கி நிற்கும். பலகை இருபது ஆண்டு உழைத்து என்ன பயன், அதைப் பிடித்திருக்கும் ஆணி மூன்றாம் ஆண்டிலேயே தலை கழன்றால்?

விலையைக் கேட்பதற்கு முன் ஒரு சாண் மாதிரித் துண்டைக் கேளுங்கள். சமையலறைத் தராசில் நிறுத்து, தடிமனையும் அளந்து குறித்துக்கொண்டு, உப்புநீர் வாளியில் அமிழ்த்திக் கல்லொன்றை மேலே வைத்து, ஒரு நாளோடு நிறுத்திவிடாமல் ஒரு மாதம் ஊறவிடுங்கள். பின்னர் எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்தும் அளந்தும் பாருங்கள்; கூடியிருக்கும் எடையே அது குடித்த நீர். நண்பர் அவ்வாறே செய்து, முகப்புக்குப் பி.வி.சி.யும், பின்கட்டில் ஓட்டுக் கூரையின் கீழிருக்கும் சிறு தளத்துக்குக் கலப்புப் பலகையும் வாங்கினார். அந்த வாளி இப்போது அவர் தோட்டத்தில் செடிக்கு நீர் ஊற்றப் பயன்படுகிறது.